இங்கிலாந்தில், வேலியில்லாப் பெருவயல்களைப் பல விவசாயிகள் பட்டைகளாகப் பகிர்ந்து உழும் பழைய நில அமைப்பு இன்றும் நடைமுறையில் உள்ள கிராமம் ஏதேனும் உண்டா?

உண்டு. நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூர். நாட்டிங்காமில் படித்த காலத்தில் இரண்டு முறை அங்கே போயிருக்கிறேன். முதல் முறை எதுவும் விளங்கவில்லை. ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, செங்கல் வீடுகள். இதைப் பார்க்கவா வந்தோம் என்று திரும்பிவிட்டேன். அடுத்த முறை ஊரைத் தாண்டி வயலுக்குள் நடந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: அங்கே வரப்பே இல்லை.

பழைய ஷெர்வுட் காட்டுப் பகுதிக்குக் கிழக்கே, சிவந்த களிமண் மேடுகளின் மேல் ஊர் அமைந்திருக்கிறது. மழை பெய்தால் அந்த மண் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு விடாது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே என்னும் நாட்டு நிலப் பதிவேட்டிலேயே ஊரின் பெயர் உண்டு. வடக்கே நார்மானியர் எழுப்பிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது புல் மூடிய மண்மேடுகள் மட்டுமே.

இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் பண்ணை வீடு அதன் வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும். லாக்ஸ்டனிலோ முக்கியப் பண்ணை வீடுகள் தெருவை ஒட்டி, பலவும் பக்கச்சுவரைத் தெருப்பக்கம் காட்டியபடி வரிசையாக நிற்கின்றன. ஒருவருடைய நிலம் ஓரிடத்தில் இல்லாமல் மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்னும் மூன்று பெருவயல்களிலும் நீண்ட பட்டைகளாகச் சிதறிக் கிடப்பதால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஊருக்குள் குடியிருப்பதே வசதியாக இருந்தது. இடைக்கால இங்கிலாந்தின் பல பகுதிகளில் இதுவே வழக்கம். பின்னர், 1604க்கும் 1914க்கும் இடையே நாடாளுமன்றம் நிறைவேற்றிய 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் இத்தகைய நிலங்களையும் பொதுநிலங்களையும் துண்டு துண்டாக வேலியடைத்துத் தனியுடைமையாக்கின. தொன்றுதொட்டு இருப்பதாக நாம் நினைக்கும் அந்நாட்டு வயல்வேலிகளில் பெரும்பகுதி, உண்மையில் அந்த வேலியடைப்புக் காலத்தில் நடப்பட்டவைதான்.

லாக்ஸ்டன் தப்பியதற்கு யாருடைய தொலைநோக்கும் காரணமில்லை. ஊர் நிலத்தின் இரு பெரும் உடைமையாளர்களான மேன்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் ஒத்துப்போகாததால் ஊர் நிலம் முழுவதையும் வேலியடைப்பது தள்ளிக்கொண்டே போனது. பெரியவர்களின் பிணக்கு ஊருக்கு நன்மையாய் முடிந்தது. ஆனாலும் காலத்தில் அப்படியே உறைந்துபோன ஊர் என்று இதைச் சொல்ல மாட்டேன். வயல்களின் ஓரங்கள் பல கட்டங்களில் வேலியடைக்கப்பட்டிருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டைகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கியும் விட்டார்கள். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க 1635ஆம் ஆண்டு வரைபடம் இருக்கிறது. அப்போது ஊரை வாங்கியிருந்த லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் என்னும் நில அளவையாளர் வரைந்தது. பட்டை பட்டையாக நிலத்தைக் காட்டுவதோடு, உழுபவர்களையும் வேட்டையாடுபவர்களையும் சின்னஞ்சிறு உருவங்களாக இடையிடையே வரைந்திருக்கிறார். அசல் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது.

வரப்பில்லாத நிலத்தில் எல்லைத் தகராறு வராமல் இருப்பதெப்படி என்பதுதான் எனக்கு எழுந்த முதல் கேள்வி. மூன்று வயல்களில் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதில் தரிசு அல்லது தீவனப்பயிர் என்று ஆண்டுதோறும் சுழற்சி மாறும். நவம்பர் இறுதியில், ஊர் விவசாயிகளிலிருந்து அமைந்த ஜூரி, கோதுமை விதைத்த வயலை நடந்து பார்க்கும். பட்டைகளின் எல்லையில் மரமுளைகளை அடித்து அடையாளமிடுவார்கள். எவராவது வண்டிப்பாதையையோ, ஏர் ஓட்ட முடியாத பள்ளங்களில் பொதுவாக விடப்பட்ட புல்தரையையோ சேர்த்து உழுதிருந்தால் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து டவ்கோட் இன் என்னும் அதே மதுவிடுதியில் கோர்ட் லீட் என்ற பண்ணை நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கும். தொகை சிறியதுதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவது சிறிய விஷயமில்லை என்றே நினைக்கிறேன். இத்தகைய பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை நீக்கிய 1977ஆம் ஆண்டுச் சட்டமும் லாக்ஸ்டனுக்கு விலக்கு அளித்தது.

மேன்வர்ஸ் குடும்பம் 1952இல் இந்நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றது. 1981இல் அது முடியாட்சிக்குரிய நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டிடம் சென்றது. 2020இல் மேன்வர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி எஸ்டேட்டே மீண்டும் வாங்கிக்கொண்டது.

நீங்கள் போவதாக இருந்தால், ஜூன் மாதத்தில், உலர்தீவனத்துக்காக அறுப்பதற்கு முன், பூத்திருக்கும் அந்தப் பொதுப் புல்தரைகளைப் பாருங்கள். தெருவோடு நின்றுவிட்டால் நான் முதல் முறை திரும்பியது போலத்தான் திரும்புவீர்கள்; ஆகவே பழைய பூட்ஸ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.