சாயப்பட்டறை உப்பும் கவுன்சலிங் பட்டியலும்

“சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருள்களை உருவாக்குகிற படிப்புதான் வேணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறா. அப்படி ஒரு படிப்பு இருக்குதுங்களா, வேலை கிடைக்குமுங்களா?” காங்கேயத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் இது. பல்லடம், பெருந்துறை, பொள்ளாச்சிப் பக்கத்துப் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

படிப்பு இருக்கிறதுங்க. ஆனால் பெரும்பாலும் அந்தப் பெயரில் இருக்காது. பெயரைத் தேடிப் போவதற்கு முன்னால், அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்கள் ஊரை வைத்தே பார்த்துவிடலாம்.

நூறு கிலோ பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினை புரிந்து பிணைகிற சாயம்) ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 8 லிட்டர் என்றால் 800 லிட்டர் தண்ணீர். அடர்த்தியான நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டால் மொத்தம் 48 கிலோ. துணியின் எடையில் கிட்டத்தட்ட பாதி! இவ்வளவு உப்பு எதற்கு? தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின்சுமை, சாயத்துக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தி, சாயம் இழையை நெருங்க வழிவிடுகிறது. அதோடு உப்பின் வேலை முடிந்தது. துணியில் தங்காமல் அத்தனையும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. பிடிக்காத சாயமும் கூடவே போகும்.

அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதை நொய்யல் கரையில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற நிலையில்தான் இன்று அங்கே தொழில் நடக்கிறது. உயிரியல் சுத்திகரிப்பு, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வு, மிஞ்சிய உப்புக் கரைசலுக்கு ஆவியாக்கி, கடைசியில் படிகமாக்கி என்று தண்ணீர் வரிசையாகப் போகிறது. சவ்வில் சிலிக்காவும் கடினத்தன்மை தரும் உப்புகளும் படிந்தால் அடைப்பு. ஆவியாக்கியோ எரிபொருளை விழுங்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 540 கிலோகலோரி வேண்டும். அதனால்தான் ஒரே நீராவியின் வெப்பத்தைப் பல கட்டங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் மகள் கேட்கிற படிப்பு இந்த இடத்தில்தான் வருகிறது. கழிவைச் சுத்தம் செய்வது ஒரு பாதி. உப்பே தேவைப்படாமல் துணியை மாற்றியமைப்பது மறுபாதி. அவள் மனதில் இருப்பது அந்த மறுபாதி. பருத்தி இழையோடு நேர்மின்சுமையுள்ள ஒரு வேதிப்பொருளைப் பிணைத்துவிட்டால், உப்பில்லாமலே சாயம் ஓடி வந்து ஒட்டும். சிக்கலும் அங்கேதான். ரொம்ப வேகமாக ஒட்டுவதால் நிறம் திட்டுத்திட்டாக விழும். போட்ட அந்த வேதிப்பொருளில் ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். சில சாயங்களில் வெயிலில் நிறம் வெளுக்கும் குறையும் வரும். இவற்றைத் தீர்க்கக் கரிம வேதியியல், வெப்பம், கணக்கு மூன்றும் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே கவுன்சலிங்கில் முதலில் வைக்க வேண்டியது கெமிக்கல் இன்ஜினியரிங். அடுத்து டெக்ஸ்டைல் டெக்னாலஜி, உலோகம்-பொருளறிவியல். கோவை சி.ஐ.டி.யிலும் பெருந்துறை கொங்கு கல்லூரியிலும் கெமிக்கல் உண்டு. பி.எஸ்.ஜி.யில் டெக்ஸ்டைலும் மெட்டலர்ஜியும், குமரகுருவிலும் சத்தியமங்கலம் பண்ணாரி அம்மனிலும் டெக்ஸ்டைலும் இருக்கின்றன. ‘சுற்றுச்சூழல்’ என்பதை முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாம். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் அதற்கென்று தனித்தாளே இருக்கிறது. கேட் தகுதியோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

இளங்கலையிலேயே புதுப்பெயர் தாங்கிய படிப்பில் சேர்வதில் ஒரு ஆபத்து உண்டு. அரசு வேலை அறிவிக்கையில் உள்ள பட்டப்பெயரும் கையில் உள்ள பட்டப்பெயரும் பொருந்தவில்லை என்றால், ‘இதுவும் அதற்குச் சமம்’ என்று அரசாணை காட்ட வேண்டியிருக்கும். அது இல்லாமல் விண்ணப்பம் தள்ளுபடியானவர்கள் இருக்கிறார்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து, எந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படித்துவிட்டுப் பட்டியலைப் போடுங்கள்.

கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

அவளுக்கு இதில் உண்மையாகவே ஈடுபாடு இருக்கிறதா என்று லீவிலேயே பார்த்துவிடலாம். செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர், தேங்காய் நார் மில்லிலிருந்து ஒரு பை நார்க்கழிவு போதும். ஒரு டம்ளர் நார்க்கழிவுக்கு ஐந்து டம்ளர் வடிநீர் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். பிறகு அதே நார்க்கழிவை மறுபடி அலசி, ஒவ்வொரு முறையும் வரும் எண்ணை எழுதட்டும். முதல் சில அலசலில் எண் மளமளவென்று இறங்கும். அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிடும்.

ஆனாலும் நார்க்கழிவு சுத்தமாகிவிடவில்லை. பொட்டாசியமும் சோடியமும் நாரோடு ஒட்டிக்கொண்டு இன்னும் உள்ளே இருக்கின்றன, வெறும் தண்ணீருக்கு அவை அசையாது. ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பது அதனால்தான். கால்சியம் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் வெளியே தள்ளும். வீட்டில் அப்படிச் செய்தால் மீட்டர் எண் எகிறும். அது வெளியே வந்த பொட்டாசியத்தாலா, நாமே போட்ட கால்சியத்தாலா? மீட்டர் சொல்லாது. “அப்ப எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?” என்று அவளாகவே கேட்டால், தயங்காமல் கெமிக்கலை முதல் இடத்தில் போடுங்கள். அலசிய தண்ணீரை மட்டும் தென்னந்தோப்பில் ஒரே இடத்தில் கொட்ட வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுவதாக வரும் புகார்களுக்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுத்திகரிப்பு நிலையத்திலோ சாய ஆய்வகத்திலோ தொடங்கினால் முதல் சில வருடம் ஷிஃப்ட் இருக்கும், சம்பளம் சாஃப்ட்வேர் அளவுக்கு வராது. கை வேலை தெரிந்தவர்களுக்குத் தேவை குறைவதில்லை, வேகமாக மேலே வருகிறார்கள். பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டிலிருந்து நூல் எடுக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களிலும் இதே அறிவு வேண்டும். கிழித்தெடுக்கும்போது இழை குட்டையாகிறது, ஐந்து சதவீத லைக்ரா (ரப்பர் போல இழுபடும் இழை) கலந்திருந்தாலே பல் சக்கரத்தில் சுற்றிக்கொள்கிறது. துணியை வடிவமைக்கும்போதே அதை யோசிக்கிற ஆள் இன்னும் குறைவு. ஆராய்ச்சிக்குப் போக ஆசை இருந்தால் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கலாம், மாதம் 37,000 ரூபாய்.

விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் இரண்டு கல்லூரிகளுக்காவது அவளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சாயப் பரிசோதனைக் கருவிக்குப் பக்கத்தில் பதிவேடு இருக்கும். கடைசியாக எந்தத் தேதியில் கையெழுத்து விழுந்திருக்கிறது, அது மாணவர் கையெழுத்தா என்று பாருங்கள். பக்கத்து மில்லோ, கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவோ கொடுத்த பிராஜெக்ட் போன வருடம் எத்தனை பேர் செய்தார்கள் என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்.