மாத்திரைப் பெட்டியும் மழைக் காட்சியும்

அன்புள்ள ஐயா,

முதல் முறையாக ஒரு காதல் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். மொத்தம் 25 அத்தியாயங்கள். படித்துப் பார்த்த தோழிகள் நான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "விறுவிறுப்பாகப் போகிறது, ஆனால் ஆட்கள் மனதில் நிற்கவில்லை."

கதை இதுதான். நாயகி பக்கவாதத்தில் படுத்த தந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்பவள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தவறான புரிதலால் பிரிந்துபோனவன் திரும்பி வருகிறான். அவனுக்கு வேலை தொலைதூரத்தில். கோபக்காரன், ஆனால் அவள்மீது உயிரையே வைத்திருப்பவன். இறுதியில் சேர்கிறார்கள். உணர்ச்சி குறைவோ என்று நினைத்து அழுகைக் காட்சிகளைக் கூட்டினேன். அப்போதும் தோழிகளின் கருத்து மாறவில்லை. பாத்திரங்களை யதார்த்தமாக்கு என்கிறார்கள். யதார்த்தம் கூடினால் காதல் நாவலுக்குரிய இன்பம் போய்விடாதா? வாசகர்கள் கனவைத்தானே தேடி வருகிறார்கள்?

3, 14, 19 ஆகிய அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஆனால் எழுத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசலாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் நீங்களே கவனிக்காமல் கடந்துபோன ஓர் இடம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரவு. அவள் தந்தையின் ஒரு வாரத்து மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைக்கிறாள். கைபேசி ஒலிக்கிறது. ஐந்து ஆண்டுகளாக வராத பெயர் திரையில் தெரிகிறது. அவள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தபின் பார்க்கிறாள், வியாழக்கிழமைக் கட்டத்தில் வெள்ளை மாத்திரை இரண்டு கிடக்கின்றன. ஒன்றைத் திரும்ப எடுத்துக் குப்பியில் போடுகிறாள். பிறகு, மற்ற நாட்களும் சரியாக இருக்கின்றனவா என்று திங்களிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்குகிறாள்.

இதை நீங்கள் நான்கே வரியில் எழுதிவிட்டு அடுத்த காட்சிக்கு ஓடிவிட்டீர்கள். எனக்கோ அதைத் தாண்டிப் போக மனமில்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரிந்துவிட்டது. கை தவறுகிற அளவுக்கு அவள் உள்ளே ஆடிப்போயிருக்கிறாள். ஆனாலும் அந்தத் தவறை அப்படியே விட்டுவிட முடியாதவள். முழுவதும் எண்ணிப் பார்க்காமல் தூங்கமாட்டாள். அவள் காதலிக்கிறாள் என்று நீங்கள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இனி 14-ஆம் அத்தியாயம். மழை. அவன் எதிரே நிற்கிறான். இரண்டு பக்கங்களுக்குள் அவள் ஆறு முறை அழுகிறாள். கண்ணீர் பெருகுகிறது, வழிகிறது, மழையோடு கலக்கிறது, இதயம் நொறுங்குகிறது. படிக்கிற எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை தவறு என்று நான் சொல்லவரவில்லை. அங்கே அழுகிற பெண் மூன்றாம் அத்தியாயத்துப் பெண் இல்லை என்பதுதான் என் குறை. எந்த நாவலின் எந்த நாயகியை அங்கே நிறுத்தினாலும் அந்தப் பக்கம் மாறாமல் பொருந்தும். மாத்திரையை எண்ணிப் பார்க்கிற ஒருத்தி, தந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து மழையில் நிற்கும்போது எதை நினைப்பாள்? எட்டு மணி மாத்திரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவள் மனதின் ஒரு மூலை கணக்குப் பார்க்காதா? அந்தக் கணக்கை எழுதுங்கள். அவன் பேசப் பேச அவள் அந்தக் கணக்கை மறந்துபோகும் நொடியை எழுதுங்கள். மறந்துவிட்டோம் என்று அவளுக்கே திடுக்கென்று உறைக்கும் இடம் எந்தக் கண்ணீரையும்விட ஆழமாக இறங்கும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. நம் மொழிக்கு மிகப் பழைய சொத்து. குறுந்தொகையின் 25-ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள், கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவி பேசுகிறாள். களவில் கூடியவன் மணம் முடிக்காமல் நாளைக் கடத்துகிறான். அவன் பொய் சொல்லிவிட்டால் தான் என்ன செய்வது என்று கேட்கிறாள். அன்று அங்கே சாட்சிக்கு யாரும் இல்லை. ஒரு குருகு மட்டும் நின்றிருந்தது, அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. அந்தக் குருகின் கால்கள் எப்படி இருந்தன என்பது அவளுக்கு நினைவிருக்கிறது: தினைத்தாள் போல மெலிந்த, சிறிய, பசிய கால்கள்.

தன் வாழ்வே கைநழுவிப் போகலாம் என்ற பயத்தில் இருப்பவளுக்கு ஏன் பறவையின் கால் நினைவுக்கு வர வேண்டும்? பயம் அப்படித்தான் வேலை செய்கிறது. பெரிய விஷயத்தை நேராகப் பார்க்க முடியாத மனம் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் வியாழக்கிழமைக் கட்டமும் அந்தக் குருகின் காலும் ஒரே இனம். தெரிந்தோ தெரியாமலோ நீங்கள் அதை எழுதியிருக்கிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

19-ஆம் அத்தியாயத்தில் தந்தை இறந்துபோகிறார். இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். அவள் தூரத்துக்குப் போக முடியாததற்கு ஒரே காரணம் அந்தத் தந்தை. 18 அத்தியாயங்களாக அவளைக் கட்டிவைத்திருந்த முடிச்சு அது. அதை அவள் அவிழ்க்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. மரணம் வந்து அறுத்துக் கொடுத்துவிட்டது. அதன்பின் அவள் அவனோடு போவது முடிவெடுத்துப் போவதாக இல்லை, வழி காலியானதால் போவதாக இருக்கிறது. தோழிகள் "மனதில் நிற்கவில்லை" என்றதற்கு மூலகாரணம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். காதல் அவளிடம் எதையோ கேட்டது. அவள் பதில் சொல்வதற்குள் நீங்கள் குறுக்கே புகுந்து அவளுக்காகப் பதில் சொல்லிவிட்டீர்கள்.

தந்தை உயிரோடு இருக்கட்டும். அப்போது அவளும் அவனும் என்ன செய்வார்கள்? அவன் வேலையை விடுவானா? விட்டால் ஆறு மாதம் கழித்து அதை அவள்மேல் ஒரு கடனாகப் பேசுவானா? அல்லது அவள் தந்தையை வேறொருவர் கையில் ஒப்படைத்து, அந்தக் குற்ற உணர்வோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கப் பழகுவாளா? அந்தத் தந்தைக்கும் ஒரு மனம் உண்டு. மகள் தன்னால் நின்றுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாதா? நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களிலும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு குழறினாலும் குழறட்டும், அவரைப் பேசவிடுங்கள்.

இத்தனையும் மாற்றினால் முடிவையே திருப்பி எழுத வேண்டியிருக்குமே என்று நீங்கள் மலைக்கலாம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் அதைச் செய்தார். 'பெர்சுவேஷன்' நாவலை 1816 ஜூலை 18-ஆம் தேதி 'முற்றும்' போட்டு முடித்தார். மனம் நிறையவில்லை. உடல்நலம் குன்றியிருந்த காலம் அது. ஆனாலும் இறுதிப் பகுதியை மறுபடி எழுதி ஆகஸ்ட் 6-ஆம் தேதிதான் ஓய்ந்தார். அவர் ஒதுக்கிய பழைய கையெழுத்துப் பக்கங்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் பிறர் பேச்சைக் கேட்டு, தான் காதலித்த வென்ட்வொர்த்தை மறுத்துவிட்ட நாயகி ஆன் எலியட், அவனோடு எப்படிச் சேர்கிறாள்? பழைய வடிவில் ஒரு கடற்படைத் தளபதி இடையில் வருகிறார். ஆனின் குடும்ப வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அவர். அவள் தன் உறவினனை மணக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, வீட்டைக் காலி செய்துதர வேண்டுமா என்று கேட்டுவரும் பொறுப்பை வென்ட்வொர்த் தலையில் கட்டிவிடுகிறார். அவன் கேட்கிறான், அவள் அப்படி எதுவும் இல்லை என்கிறாள், திரை விலகிவிடுகிறது. சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் ஆன் அங்கே தானாக எதையும் செய்யவில்லை.

புதிய வடிவில் ஓர் அறை. வென்ட்வொர்த் மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். சற்றுத் தள்ளி அவன் நண்பர் ஹார்வில் ஒரு சிறிய ஓவியத்தைக் கையில் வைத்திருக்கிறார். இறந்துபோன தன் சகோதரிக்காக, அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் ஓவியரைக் கொண்டு வரையச் செய்த அவனது உருவம் அது. அவன் இப்போது வேறொருத்தியை மணக்கப்போகிறான், ஓவியத்தை அவளுக்காகச் சட்டம் போட்டுத்தரும் பொறுப்பு ஹார்விலிடம் வந்திருக்கிறது. யார் அதிகக் காலம் மறக்காமல் இருப்பார்கள், ஆணா பெண்ணா என்று பேச்சு வருகிறது. ஆன் பேசுகிறாள். பொதுவாகப் பேசுவது போலத்தான் பேசுகிறாள், தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேசைப் பக்கம் பேனா விழும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான். அந்தப் பேனா விழுந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருப்பேன். ஒருமுறை பிறர் சொல் கேட்டு எல்லாவற்றையும் இழந்தவள், இந்தமுறை தன் சொல்லாலேயே அவனை அடைகிறாள். முதல் வடிவத்தில் இது இல்லை.

உங்கள் நாயகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் கோபத்தில் அவள் கையைப் பிடித்து இழுக்கிறான், மணிக்கட்டு சிவந்துபோகிறது. அடுத்த பத்தியில், சிறு வயதில் தாய் விட்டுப்போனதால் இழக்கப் பயப்படுகிறவன் என்று ஒரு விளக்கம். பழைய காயத்தைச் சொல்லிவிட்டால் பாத்திரம் ஆழமாகிவிடும் என்ற நம்பிக்கை இன்று பல காதல் கதைகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அது வாசகிகளுக்குச் செய்யும் தீங்கு என்றே நினைக்கிறேன். காயம் ஒருவன் ஏன் அப்படி நடந்தான் என்பதைச் சொல்லும். அவள் மணிக்கட்டு சிவந்ததை அது இல்லாமல் ஆக்காது. மறுநாள் தந்தையைத் தூக்கி உட்காரவைக்கும்போது அவளுக்கு அந்தக் கை வலிக்க வேண்டும். அவன் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தபின் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் யாரென்று எங்களுக்குத் தெரியும்.

கனவு என்று கேட்டிருந்தீர்கள். காதல் நாவலை எடுக்கும் வாசகிக்கு இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். அந்த உறுதியை நீங்கள் உடைக்க வேண்டியதில்லை, உடைக்கவும் கூடாது. யதார்த்தம் என்றதும் வறுமையும் தோல்வியும் பிரிவும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். சேரப்போவது யாரோ இருவராக இல்லாமல் இந்த இருவராகவே இருந்தால் போதும். சேர்ந்த பிறகும் அவள் மாத்திரைகளை எண்ணுவாள். ஒரு நாள் அவன் பெட்டியை வாங்கி, அவள் சொல்லச் சொல்லப் பிரித்து வைக்கலாம். அவள் நம்பாமல் திங்களிலிருந்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம், அவன் கோபப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இதைவிட இனிய கனவு எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் கேட்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் எடுக்காமல் விட்ட அந்த அழைப்பு என்ன ஆனது? கதைச் சுருக்கத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் திரும்ப அழைத்தாளா? எத்தனை நாள் கழித்து, என்ன சாக்குச் சொல்லி? மற்ற திருத்தங்கள் இருக்கட்டும், முதலில் அந்தக் காட்சியை எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்