உணவில் இருக்கிறது, உடலில் சேர்கிறதா?
வாசகர் கேள்வி – பதில்: துத்தநாகம் (ஜிங்க்)

கேள்வி: மனிதருக்கும் துத்தநாகக் குறைபாடு வரும் என்று கண்டறிந்தவர் யார்? எப்படி?

பதில்: ஆனந்த பிரசாத். 1928-ல் பிஹாரின் பக்ஸரில் பிறந்து, பாட்னாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவம் பயின்றவர். 1958-ல் ஈரானின் ஷிராஸில் பணிபுரிந்தபோது 21 வயது நோயாளி ஒருவர் அவரிடம் வந்தார். பார்வைக்குப் பத்து வயதுச் சிறுவன். கடும் இரத்தசோகை, வீங்கிய கல்லீரல், மண்ணீரல். பருவமடைந்த அறிகுறியே இல்லை. சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி. மாமிசம் கிடையாது, களிமண் தின்னும் பழக்கம் வேறு.

இரத்தசோகைக்கு இரும்புக் குறைவைக் காரணம் சொல்லலாம். வளர்ச்சி நின்றதற்கும் பருவமடையாததற்கும் அது போதாது. விலங்குகளில் துத்தநாகம் குறைந்தால் இவை நேரும். எலிகளுக்கு அது அவசியம் என்பது 1934-லேயே தெரிந்த செய்தி. ஆனாலும் எங்கும் கிடைக்கும் பொருள் மனிதருக்கு எப்படிக் குறையும் என்றே பலரும் நினைத்தார்கள். பிரசாத்தும் 1961 கட்டுரையில் இதை ஊகமாகத்தான் வைத்தார்.

சான்று எகிப்தில் கிடைத்தது. அதேபோன்ற நோயாளிகளின் பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி), சிவப்பணு, தலைமுடி மூன்றிலும் துத்தநாகம் குறைந்திருந்தது. கதிரியக்கத் துத்தநாகம்-65 செலுத்தியபோது அது இரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட வேகமாக மறைந்தது. சிறுநீரிலும் மலத்திலும் குறைவாகவே வெளியேறியது. திசுக்கள் அதற்கு ஏங்கிக் கிடந்தன என்று பொருள். அவர்களிடம் மண் தின்னும் பழக்கம் காணப்படவில்லை. ஆகவே பழியை மண்மேல் மட்டும் போட முடியாமல் போயிற்று. துத்தநாகம் கொடுத்ததும் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள். 1974-ல் அமெரிக்காவின் அன்றாடத் தேவைப் பட்டியலில் துத்தநாகம் இடம்பெற்றது.

கேள்வி: முழுக்கோதுமையில் துத்தநாகம் உண்டே. பிறகு ஏன் குறைந்தது?

பதில்: தவிட்டிலுள்ள ஃபைட்டேட் என்ற வேதிப்பொருள் அதைக் குடலிலேயே கட்டிப்போட்டு விடுகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஃபைட்டேட் மில்லிகிராமை அதன் மூலக்கூறு எடையான 660-ஆலும், துத்தநாக மில்லிகிராமை அதன் அணு எடையான 65.4-ஆலும் வகுத்து, முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் உறிஞ்சுதல் மோசம். 660 மி.கி. ஃபைட்டேட்டும் 2 மி.கி. துத்தநாகமும் இருந்தால் விடை ஏறத்தாழ 33. மாவு புளித்து ஃபைட்டேட் பாதியானால் 16-க்கு வந்துவிடும்.

ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பதும், பயறுகளை ஊறவைத்து முளைகட்டுவதும் இதனால்தான் பயன் தருகின்றன. கொதிநீரில் ஊறப்போடாதீர்கள், ஃபைட்டேட்டை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி சூட்டில் கெட்டுவிடும். தவிட்டை நீக்கினால் ஃபைட்டேட் போகும், கூடவே துத்தநாகமும் போகும்.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தது. மாத்திரை தொடங்கலாமா?

பதில்: மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். காலை, வெறும் வயிற்றில் எடுத்த சீரத்தில் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) ஆண்களுக்கு 74, பெண்களுக்கு 70 மைக்ரோகிராமுக்குக் கீழ் (ஒரு டெசிலிட்டருக்கு) இருந்தால் குறைவு என்பார்கள். சாப்பிட்டபின் எடுத்தால் அளவு தானாகவே இறங்கும். காய்ச்சல், தொற்று இருந்தாலும் இறங்கும். அப்போது துத்தநாகம் கல்லீரலுக்குப் போய்விடுகிறது. ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்தாலும் அப்படியே.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அதுதான் ஏமாற்றும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசியலாம். சிவப்பணுக்களில் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு துத்தநாகம் இருப்பதால், அவை உடைந்தாலும் அளவு ஏறும். நுண்தனிமப் பரிசோதனைக்கென்றே உள்ள குழாயில் எடுத்து, சீரத்தைத் தாமதமின்றிப் பிரிக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும், ஒரே எண்ணை வைத்துத் தனிமனிதரின் குறைபாட்டை முடிவுசெய்ய முடியாது. உணவு, அறிகுறிகள் இரண்டையும் சேர்த்தே மருத்துவர் பார்ப்பார்.

கேள்வி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. ஜிங்க் மருந்தை நிறுத்தலாமா?

பதில்: சொன்ன நாட்கள்வரை கொடுங்கள். 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைத்தது 10 முதல் 14 நாட்கள், தினம் 20 மி.கி.; ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு 10 மி.கி. பின்னர் நடந்த ஆய்வில் 5, 10 மி.கி. அளவுகளும் சளைக்கவில்லை, வாந்தியும் குறைந்தது. அதனால் மருத்துவர் குறைத்து எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். உப்பு–சர்க்கரைக் கரைசலுக்கு இது மாற்றல்ல.

கேள்வி: 220 மி.கி. துத்தநாக சல்பேட் மாத்திரை மிக அதிகம் இல்லையா?

பதில்: அது துத்தநாக சல்பேட் என்ற சேர்மத்தின் முழு எடை. அதிலுள்ள தனித் துத்தநாகம் சுமார் 50 மி.கி. ஆனால் அதுவும் குறைவல்ல: பெரியவர்களுக்கு அமெரிக்கா வகுத்த தினசரி உச்சவரம்பு 40 மி.கி. கூடுதலானது பல மாதம் தொடர்ந்தால் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகும். அது துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இறுகப் பிடித்து, செல் உதிரும்போது அதோடு வெளியேறும். தாமிரம் குறைந்தால் இரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்து நடை தடுமாறுதல் எல்லாம் வரும். இந்த இரத்தசோகைக்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை.

பிரசாத்தும் சகாக்களும் துத்தநாகம் பெற்ற அரிவாள் செல் நோயாளிகளிடம் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாகும் பரம்பரை நோய்) இந்தத் தாமிரக் குறைவைக் கண்டு 1978-ல் எழுதினார்கள். தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்கு அதே விளைவுதான் சிகிச்சை: பெரியவர்களுக்கு 50 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, கண்காணிப்போடு. மற்றவர்கள் மருத்துவர் சொன்ன காலத்தைத் தாண்டாதீர்கள். இரும்பு மாத்திரையையும் டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் துத்தநாகத்தோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.