மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஒன்லைனில் கிரெடிட் கார்ட் எடுப்பதென்றால் எதைப் பார்த்து எடுப்பது?

களுவாஞ்சிக்குடியில் ஆசிரியர், சம்பளம் வங்கிக்கு வருகிறது, நாலைந்து வங்கிகளின் பக்கத்தைப் பார்த்துக் குழம்பிவிட்டது என்கிறீர்கள். குழப்புவது கழிவு (தள்ளுபடி) தரும் இடங்களின் பட்டியல்தான். அது பெரும்பாலும் கொழும்பு ஹோட்டல், கொழும்புச் சாப்பாட்டுக்கடை. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் வாழ்கிறவருக்கு அதால் என்ன பிரயோசனம்? அதை மூடிவிட்டு, அதே தளத்தில் ஒரு மூலையில் கிடக்கும் கட்டண அட்டவணையைத் திறவுங்கள்.

வருடக் கட்டணம் முதல் வருடம் மட்டும் இலவசமா, எப்போதுமா என்று பாருங்கள். அடுத்தது வட்டி. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 28 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அந்தக் கணக்கில் 1,00,000 ரூபா நிலுவைக்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 77 ரூபா, மாதம் 2,300. மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை 5 வீதம் என்று வைத்து 5,000 ரூபா கட்டினால், கடன் குறைவது 2,700தான். முழுவதையும் கட்டாத மாதத்தில் வட்டியில்லாக் காலமும் போய்விடும். புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் காசு எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வங்கிகள் சொல்லும் '55 நாள் வட்டியில்லை' என்பதும் எல்லாச் செலவுக்கும் இல்லை. பில் திகதி 5, கட்ட வேண்டிய கடைசி நாள் 30 என்று வைப்போம். ஜூன் 6 வாங்கினால் ஜூலை 5 பில்லில் வரும், ஜூலை 30 வரை 54 நாள். அதையே ஜூலை 4 வாங்கினால் 26 நாள்தான். சம்பளம் 25ஆம் திகதியளவில் விழுகிறதென்றால், கடைசி நாள் அதற்குப் பிறகு வரும்படி பில் திகதியைக் கேளுங்கள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுப் பார்க்கலாம்.

வெளிநாட்டுச் சந்தா, பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் கட்டத்தான் கார்ட் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வெளிநாட்டு நாணயக் கட்டணம் எத்தனை வீதம் என்பதுதான் வங்கிக்கு வங்கி ஒப்பிட வேண்டிய வரி. முத்திரை வரி வேறு சேரும். பணம் செலுத்தும் பக்கத்தில் 'ரூபாயில் கட்டவா, டொலரிலா' என்று கேட்டால் டொலரையே தெரிவுசெய்யுங்கள். ரூபாயைத் தொட்டால் அந்தத் தளம் தன் விகிதத்தில் மாற்றும், அது அநேகமாக மோசமாகவே இருக்கும்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயத்தால். அடையாள அட்டையில் தந்தை பெயர் விரிவாக, சம்பளத் துண்டில் இனிஷியல் மட்டும். முகவரி ஒன்றில் பழையது, மற்றதில் புதியது. எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் போடுங்கள். வீட்டு இலக்கமில்லாத ஊர் முகவரிக்கு அடையாளம் ஒன்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் கூரியர்காரர் திருப்பிக்கொண்டு போவார். ஒரே கிழமையில் நாலு வங்கிக்குப் போடாதீர்கள். வங்கி உங்களைப் பற்றிச் செய்யும் ஒவ்வொரு தேடலும் கிறிப் (CRIB) அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில், பதிவாகும். வருமானம் போதாது என்றால் நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எடுக்கும் கார்ட் உண்டு.

வங்கிக்காரர் யாராவது வந்து 'எங்களிடம் அப்படி இல்லை' என்பார். இருக்கலாம், அதனால்தான் அட்டவணையைப் பார்க்கச் சொன்னேன்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கார்டை நீட்டினால் '3 வீதம் கூட வரும்' என்கிற கடைகள் நம் பக்கம் ஏராளம். அது வங்கியோடு அந்தக் கடை செய்த ஒப்பந்தத்துக்கே எதிரானது. கடைக்காரர் மசியாவிட்டால் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு கார்ட் தந்த வங்கிக்குச் சொல்லுங்கள், அங்கும் அசையவில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு.