உப்பு வெட்டினவர்கள் எங்கே? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஆனையிறவு உப்பளத்தில், 1990இல் சண்டை வந்து மூடும் வரைக்கும் வேலை செய்தவர். இப்போது கண் பார்வை குறைவு. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உப்பில் சரவிளக்கு, உப்பில் மாதா, எல்லாம் சரி. உப்பு வெட்டினவன் எங்கே?" என்றார்.

எனக்கு வேறொரு கேள்வி. 2009இல் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் நாங்கள் எத்தனை பங்கருக்குள், பதுங்கு குழிக்குள், இருந்தோம் என்ற கணக்கே இல்லை. இன்றைக்கும் என்னால் கதவைச் சாத்திவிட்டுப் படுக்க முடியாது. காசு கொடுத்து நிலத்துக்குக் கீழே இறங்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

அப்பா கடைசியாகக் கேட்டது: அந்த உப்பைக் கறிக்குப் போடலாமோ?

(பெயர் வேண்டாம்), தர்மபுரம்

*

வணக்கம் தங்கச்சி,

அப்பா சரியான இடத்தில் பிடித்துவிட்டார். கட்டுரையை எடுத்துத் திரும்ப வாசித்தேன். புனித கின்கா ஆலயத்துக்கு மூன்று பந்தி. வெட்டினவர்களுக்கு அரை வரி. வெட்கமாக இருந்தது.

அந்த ஆலயம் 101 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அதைச் செதுக்கியவர்களே சுரங்கத் தொழிலாளர்கள்தான் என்பதைக்கூட நான் எழுதவில்லை. 1896இல் யூசெப் மர்க்கோவ்ஸ்கி தொடங்கினார். பிறகு அவருடைய சகோதரர் தோமாஸ், அவருக்குப் பின் அந்தோனி விரோதெக். 60 வருடத்துக்கு மேல் நடந்த வேலை. சுவரும் உப்பு, தரையும் உப்பு. ஆனால் அப்பா நினைக்கிற வெள்ளை உப்பு இல்லை, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். கருங்கல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அங்கே வெட்டினவர்களுக்கு உப்பைவிடப் பெரிய கவலை மீதேன் வாயு. வாயு சேர்ந்துவிட்டால் விளக்கோடு போகிறவன் வெடித்துச் சாவான். அதனால் மற்றவர்கள் இறங்குவதற்கு முன் சிலர் போவார்கள். நீண்ட தடியின் நுனியில் பந்தத்தைக் கட்டி, தரையோடு தரையாகத் தவழ்ந்து, கூரையில் நிற்கும் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட வேண்டும். அவர்களுக்கு அங்கே 'பாவப் பரிகாரம் செய்கிறவர்கள்' என்று பெயர். தவழும் அந்த ஆட்களைச் சுரங்கத்துக்குள் உருவமாக வைத்திருக்கிறார்கள். நான் அதன் முன்னால் நின்று படம் எடுத்தேன், எழுதத்தான் இல்லை. குதிரைகளையும் விட்டுவிட்டேன். பாரம் இழுக்கும் சக்கரத்தைச் சுற்ற அவற்றைக் கீழே இறக்கினார்கள். லாயமும் கீழேதான், வருடக்கணக்கில் வெயில் காணாமல் அங்கேயே இருந்தவை. கடைசிக் குதிரை மேலே வந்தது 2002இல்.

இன்னொன்றை மறந்து விடவில்லை, தெரிந்தே விட்டேன். 1944இல் நாசிகள் அந்தச் சுரங்கத்துக்குள் ஆயுதத் தொழிற்சாலை வைக்கப் பார்த்தார்கள். அதற்கு யூதக் கைதிகளை முகாம்களிலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள். எழுதினால் பயணக் கட்டுரையின் சந்தோஷம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். வன்னியில் இருந்துகொண்டு நான் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2009இல் நான் வவுனியாவில் இருந்தேன், சண்டை நடந்த இடத்துக்கு உள்ளே இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த பங்கர் தொண்ணூறுகளில் எங்கள் முற்றத்தில் வெட்டியது. மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டது. சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்த பங்கர் எனக்குக் கேள்விப்பட்ட கதை, உங்களுக்கு அப்படி இல்லை. அதனால்தான் எனக்கு மனம் வந்திருக்கும். சுரங்கத்துக்கு இறங்க மரப்படி, முதல் கட்டத்துக்கே கிட்டத்தட்ட 380 படி. நாலைந்து வளைவு இறங்கியதும் என்னை அறியாமல் கை மேலே போய்க் கூரையைத் தடவியது. என்னைக் கூட்டிப்போன மச்சான், ஜெர்மனியில் இருபது வருடம் இருக்கிறவன், "என்ன, குற்றி சரியாக இருக்கிறதோ என்று பார்க்கிறீர்களா?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. உப்புக் காற்றில் அந்த மரங்கள் உக்காமல், கல் போல இறுகி நிற்கின்றன. எங்கள் குற்றியைக் கறையான் இரண்டு மாரிக்குள் தின்றுவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: காசு கொடுத்து இறங்கியவனுக்கு மேலே வர லிஃப்ட் இருந்தது, வரப்போகிற நேரமும் தெரிந்திருந்தது. நீங்கள் இருந்ததையும் இதையும் ஒரே சொல்லால் 'நிலத்துக்குக் கீழே' என்று சொல்வதே பிழை. அங்கே போய்ப் பாருங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்பாவின் கேள்வி இன்னும் விடவில்லை. உப்பை அங்கே வெட்டினார்கள். நமக்கு உப்பு விளைகிறது. பாத்தி, வரம்பு, விளைச்சல் என்று வயலின் சொற்களை அப்படியே உப்பளத்துக்குக் கொண்டுபோனவர்கள் நாங்கள். சுரங்கத்தில் வெட்டினால் பள்ளம் மிஞ்சும். 1996இல் வணிகத்துக்கு உப்பெடுப்பதை நிறுத்திய பிறகும் காட்ட அவர்களிடம் பள்ளம் இருக்கிறது. பாத்தியில் அப்பா வாரிய உப்போ எங்கேயோ கறியில் கரைந்து போய்விட்டது. வாரிய தடத்தை அடுத்த மாரி அழித்தது. இப்போது ஏ9 வீதியில் ஆனையிறவில் பஸ்கள் நிற்கின்றன. போர் நினைவாக வைத்திருக்கும் கவச புல்டோசரைப் பார்க்கிறார்கள், நாட்டின் படத்தை ஏந்தும் கைகளின் சிலையைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் உப்புத் தண்ணீருக்குள் நின்று பாதம் வெடித்த உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அங்கே ஒரு பலகை வைத்து நான் பார்த்ததில்லை. உங்கள் அப்பா கேட்டதை அந்த இடத்தில் நின்றும் கேட்கலாம்.

உங்களிடம் ஒரு வேலை தருகிறேன். பாத்திக்குத் தண்ணீர் விட்டதிலிருந்து மூட்டை கட்டியது வரை, ஒவ்வொரு வேலைக்கும் கருவிக்கும் அப்பாவின் ஆட்கள் என்ன சொல் சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். போனில் பதிவு செய்தாலும் போதும்.

கறிக்குப் போடலாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இன்றைக்கும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உவர்நீரைக் காய்ச்சித்தான் இப்போது அங்கே உப்பு எடுக்கிறார்கள். நான் வாங்கிவந்த பொதியில் பாதி இன்னும் இருக்கிறது. வீட்டில் அம்மா ஒருநாள் சொதிக்குப் போட்டுவிட்டு, "உறைப்பே இல்லாத உப்பு" என்று மூடி வைத்துவிட்டா. அடுத்த மாதம் பரந்தன் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன். அப்பா ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.