லென்ஸ் அப்புறம், முதலில் காலண்டர்

குளிர் தொடங்கினால் போதும், வளைகுடா வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். ஓமனில் வஹீபா மணல், அங்கிருந்து தெற்கே கடலோரமாக அல் கலூஃப், பார் அல் ஹிக்மான், முடிந்தால் படகேறி மசீரா தீவு, கூடாரம் போட்டுத் தங்கிப் படம் எடுக்கப் போகிறோம், ஏதாவது சொல்லுங்கள் என்று. இந்த முறை அவற்றுக்கு மட்டும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

டிசம்பர் விடுமுறையில் நாலு பேர் இரண்டு வண்டியில் போகிறோம். என்னிடம் 24-70 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. இன்னும் ஒரு லென்ஸ் வாங்கலாம்: 14 மி.மீ.யா, 100-400ஆ?
(ரூவி வாசகர்)

லென்ஸ் பெயரெல்லாம் எழுதியவர் எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று எழுதவில்லையே! அந்தக் கடற்கரைக்கு அதுதான் முதல் கேள்வி. அமாவாசையை ஒட்டிப் போங்கள். நிலா இல்லாததால் நட்சத்திரம் தெரியும் என்பது எல்லாரும் சொல்வது. யாரும் சொல்லாதது, அமாவாசையில் ஓதமும் பெரிது, கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும், வழக்கத்தைவிடத் தூரம் வற்றும். பார் அல் ஹிக்மானில் இதை வைத்துத்தான் எல்லாமே. அது மைல்கணக்கில் மட்டமாகக் கிடக்கும் சேற்றுவெளி. குளிர்காலத்தில் சுமார் 5 லட்சம் கரைப்பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன, ஆனால் கடல் வற்றியிருக்கும்போது போனால் அத்தனையும் தொடுவானத்தில் புள்ளிகள்தான், 400 மி.மீ. என்ன, 800 வைத்தாலும் கானல் அலையில் எல்லாம் கூழாகிவிடும். கடல் ஏறி முடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய், கரைப்பக்கம் ஒரு இடத்தில் தாழ்வாக உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் பறவையைத் துரத்த வேண்டாம், தண்ணீரே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். பௌர்ணமியிலும் ஓதம் பெரிதுதான், நட்சத்திரம்தான் போய்விடும்.

அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது கிராப் ப்ளோவர் என்கிற நண்டுதின்னி. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, தடித்த கறுப்பு அலகு. மணலில் வளை தோண்டி, அந்த மணலின் சூட்டை வைத்தே முட்டையைப் பொரிக்கிற பறவை. குளிர்காலத்தில் வலசை வந்த இடத்திலும் வளர்ந்த குஞ்சு தாய் தகப்பன் பின்னாலேயே ஓடி நண்டு கேட்டு நச்சரித்துக்கொண்டிருக்கும். சாம்பல் பூத்த குஞ்சு குனிந்து கெஞ்சுவதும் பெரியது நண்டின் காலை உதறி உதறிப் பிய்ப்பதும் ஒரே பிரேமில் கிடைத்தால் அந்தப் பயணத்துக்கு அது போதும். (தனுஷ்கோடிப் பக்கமும் இது வருகிறது, ஓமன் தூரமாக இருப்பவர்கள் அங்கே முயன்று பாருங்கள்.)

ஆக, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் 100-400 வாங்குங்கள். நட்சத்திரத்துக்கு உங்கள் 24-70 போதும்: 24இல் வைத்து, லென்ஸின் துவாரத்தை (அபெர்ச்சர்) முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி. டிசம்பரில் பால்வெளியின் பிரகாசமான நடுப்பகுதி கிடைக்காது, சூரியன் அந்தத் திசையிலேயே இருக்கிறது. அது வேண்டுமென்றால் பிப்ரவரி கடைசி, மார்ச்சில் விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும். டிசம்பரில் ஓரியனும், நள்ளிரவு வாக்கில் தெற்கே தாழ்வாக அகத்தியர் நட்சத்திரமும் இருக்கும். அரபிகள் சுஹைல் என்பார்கள், கோடை முடிவில் அது விடியலில் தலைகாட்டினால் வெயில் இறங்கப்போகிறது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. மணல்மேட்டின் விளிம்புக்கு மேலே அதை வைத்து எடுங்கள், பால்வெளியை எல்லாரும்தான் எடுக்கிறார்கள்.

அல் கலூஃபின் வெள்ளை மணல் என் படங்களில் சாம்பலாக, அழுக்காக இருக்கிறது. கேமரா கோளாறா?
(சோஹார் வாசகி)

கேமரா சரியாகத்தான் இருக்கிறது. பிரேம் முழுக்க வெளிச்சமான மணல் நிறைந்தால் கேமராவின் வெளிச்ச மீட்டர் பயந்துபோய் அதை நடுத்தரச் சாம்பலுக்கு இறக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றி, ஹிஸ்டோகிராமின் (திரையில் காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில் இன்னொன்று கவனித்தேன், எல்லாமே மாலை ஐந்து மணிக்கு மேல் எடுத்தவை. அந்தக் கரை கிழக்கைப் பார்த்தது. சூரியன் பாலைவனத்துப் பக்கம் இறங்குவதால் அஸ்தமனத்துக்கு வெகு முன்பே மணல்மேட்டின் நிழல் கடற்கரையை மூடிவிடும். காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வாருங்கள். கடலிலிருந்து எழும் சூரியன் மேடுகளின் மேல் நேராக விழும், முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு மணல் வரிக்கும் ஒரு நிழல் இருக்கும். மாலையில் மேட்டின் முகட்டுக்கு ஏறி மேற்கே திரும்பி எடுங்கள். எங்கே எடுத்தாலும், முதலில் படம், பிறகு நடை. உங்கள் கூட்டத்தில் ஒருவர் செல்ஃபிக்காக மேலே ஓடிவிட்டால் அந்த முகடு அடுத்த காற்று வரும்வரை கெட்டது கெட்டதுதான்.

காலையில் ஈர மணலுக்குச் சற்று மேலே பாருங்கள், சாணுயரத்துக்குக் கூம்பு கூம்பாக மணல் குவிந்திருக்கும். யாரோ குழந்தை விளையாடியது இல்லை, ஆண் பேய்நண்டு பெண்நண்டைக் கவரக் கட்டியது. கூம்பிலிருந்து வளை வாய்வரைக்கும் அது நடந்து நடந்து போட்ட பாதைகூடத் தெரியும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, பின்னால் கடலை மங்கலாக விட்டு எடுத்துப் பாருங்கள், முழங்கால் உயரத்திலிருந்து எடுத்தால் வெறும் மண்குவியல்.

இரவில் நட்சத்திரப் படம் எடுத்தேன், பத்தாவது படத்துக்குப் பிறகு எல்லாம் புகைமூட்டம். பாலைவனத்தில் ஈரம் எப்படி?
(சூர் வாசகர்)

கடல் பக்கத்தில் இருக்கிறதே. பகலெல்லாம் காற்றில் சேர்ந்த ஈரம், வானம் தெளிவாக இருக்கிற இரவில் மணல் சீக்கிரம் குளிர்ந்ததும் பனியாக இறங்குகிறது. காலையில் கூடாரத் துணியைப் பிழியலாம் என்கிற அளவுக்கு! வானத்தைப் பார்த்து நிற்கும் லென்ஸ் கண்ணாடி இன்னும் வேகமாகக் குளிரும். துடைக்காதீர்கள், மணலும் உப்பும் சேர்ந்து தேய்க்கும். யூஎஸ்பியில் ஓடும் லென்ஸ் சூடேற்றும் பட்டை கிடைக்கிறது, இல்லையென்றால் கைக்குச் சூடு தரும் பொட்டலம் ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டு லென்ஸில் கட்டுங்கள். பனி படிந்த பிறகு கட்டிப் பயனில்லை, தொடக்கத்திலேயே கட்ட வேண்டும். வெயில் மாதங்களில் இதே தொல்லை வேறு மாதிரி வரும்: ஏசி காரில் சில்லென்று இருந்த கேமராவை வெளியே எடுத்த நொடியில் மூடிக்கொள்ளும். பையை டிக்கியில் வையுங்கள், அல்லது இறங்குவதற்கு அரை மணி முன்னால் ஏசியை நிறுத்துங்கள்.

ராஸ் அல் ஜின்ஸில் இரவில் ஆமை முட்டையிடுவதை ஃபிளாஷ் இல்லாமல், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எடுக்க ஏதாவது வழி?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்குப் பதில் தெரியும். வழிகாட்டியோடு போகும் இரவுச் சுற்றில் படம் எடுக்கத் தடை, வழி இருந்தாலும் சொல்ல மாட்டேன். கரையேறும் பேராமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளோ இருட்டில் எது பிரகாசமோ அதுதான் கடல் என்று நம்பி நகர்பவை. உங்கள் கேமராவின் பின்திரை, ஃபோகஸ் உதவி விளக்கு, பக்கத்தில் நிற்பவர் நேரம் பார்க்க எடுக்கும் ஃபோன், இவையெல்லாம் ஃபிளாஷ் இல்லைதான், வெளிச்சம் இல்லையா என்ன? விடியற்காலைச் சுற்று இருக்கிறது, அதற்குப் போங்கள். கடைசியாகத் திரும்பும் ஆமை, டிராக்டர் ஓடியதுபோல் அது விட்டுச்செல்லும் தடம், நீல வெளிச்சம், இந்த மூன்றும் சேர்ந்தது இருட்டில் எடுக்கும் எந்தப் படத்தையும்விட நன்றாகவே வரும். ஆமைக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், பின்னாலோ பக்கவாட்டிலோ தள்ளி நில்லுங்கள்.

ட்ரோன்?
(மஸ்கட் வாசகர்)

ஓமனில் முன் அனுமதி வேண்டும். பறவைக் கூட்டத்துக்கு மேலே அனுமதி இருந்தாலும் வேண்டாம்.

வண்டி விஷயத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்?
(இப்ரா வாசகர்)

மணலுக்கு அல்ல. மணலில் டயர் காற்றை 15-18 பிஎஸ்ஐக்கு இறக்கி, திருப்பங்களை மெதுவாக எடுத்தால் வண்டி போகும். பயப்பட வேண்டியது சப்காவுக்கு. பார் அல் ஹிக்மான் பக்கம் இறுகிய தரை மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருக்கும் உப்புப் பத்தை, மேலே ஓடு, அடியில் சேறு. ஓடு உடைந்தால் சேஸிஸ் வரை இறங்கும், இழுக்க வரும் இரண்டாவது வண்டியும் பக்கத்தில் வர முடியாது. ஏற்கனவே ஓடிய தடத்தை விட்டு விலகாதீர்கள், மழை பெய்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நல்ல வெளிச்சம் இடது பக்கம் இருக்கிறதே என்று தடம் மாறுவது எப்போதும் படம் எடுப்பவர்தான்! இறங்கி நடங்கள். பெரிய சாலையை விட்டுப் பிரியும் முன் டேங்கையும் தண்ணீர் கேன்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள், விறகையும் கையோடு கொண்டுபோங்கள். வஹீபாவில் நிற்கும் காஃப் மரம் வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான், அதன் கிளையை ஒடித்து அடுப்பு மூட்டாதீர்கள்.

திரும்பி வந்ததும் கேமராவை எப்படிச் சுத்தம் செய்வது?
(சலாலா வாசகி)

முதலில் ரப்பர் ஊதுகுழலால் மணலை ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் வெளிப்புறம் முழுக்கத் துடையுங்கள், உப்பு காய்ந்த துணிக்குப் போகாது. ஜூம் வளையத்தில் நறநறவென்று சத்தம் கேட்டால் திருகிப் பார்த்துக்கொண்டே இருக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். டிரைபாட் கால்களை மட்டும் தனித்தனியாகக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அப்படியே டிக்கியில் போட்டு வைத்தால் அடுத்த முறை பூட்டுத் திருகு திரும்பாது.