வேலை போன நேரத்தில் வீட்டை விற்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் வேலை போய்விட்டது. மனைவியின் சம்பளம், இ.எம்.ஐ. உட்பட மாதச் செலவில் பாதிக்கு வரும். சேமிப்பு ஆறு மாதச் செலவுக்குத்தான் தாங்கும். வீட்டு மதிப்பில் பாதிக்குக் கடன் பாக்கி. சந்தை விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்தால் இந்த மாதமே கிரயம் முடிப்பதாக ஒருவர் சொல்கிறார். ராத்திரியில் தூக்கமே இல்லை. விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இப்போது விற்காதீர்கள். முதலில் உங்கள் கணக்கையே திரும்பப் பாருங்கள். சேமிப்பு ஆறு மாதம் தாங்கும் என்கிறீர்கள். ஆனால் பாதிச் செலவை உங்கள் மனைவியின் சம்பளம் பார்த்துக்கொள்கிறதே! மீதிப் பாதிக்கு மட்டும் சேமிப்பில் கைவைத்தால் அது 12 மாதம் வரும். மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க முடிந்தால் 20 மாதம். நீங்கள் எழுதிய விவரங்களிலேயே இது இருக்கிறது, பயத்தில் கண்ணில் படவில்லை.

இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013-இல் சயன்ஸ் இதழில் வந்தது. அறுவடைக்கு முன் பண நெருக்கடியில் இருந்தபோது யோசனைத்திறன் சோதனைகளில் தடுமாறிய அதே ஆட்கள், அறுவடை முடிந்து கையில் காசு வந்தபின் நன்றாகச் செய்தார்கள். அதனால்தான் நெருக்கடியில் இருப்பவர்களிடம் நான் ஒன்றை வற்புறுத்துவேன்: திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் அவசரத்தில் எடுக்காதீர்கள். வீட்டு விற்பனை அப்படிப்பட்ட முடிவு.

அந்த ஐந்தில் ஒரு பங்கு சின்னத் தள்ளுபடி போலத் தெரியலாம். வீட்டின் மதிப்பு 100 என்று வையுங்கள். கடன் 50 போக உங்களுடையது 50. 80-க்கு விற்றால் கையில் மிஞ்சுவது 30தான். அதாவது இத்தனை வருடம் கட்டிச் சேர்த்ததில் 40 சதவீதம் போய்விடும். வங்கிக்குச் சேர வேண்டியது முழுசாகப் போய்ச் சேரும், நஷ்டம் மொத்தமும் உங்கள் தலையில். அப்புறம் வாடகை வேறு.

செலவுக் குறைப்பில் பெரிய இடம் இ.எம்.ஐ.தான். ஒரு தவணைகூடத் தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய் வேலை போன விவரத்தைச் சொல்லி, கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மொத்த வட்டி கூடும், தெரியும். இருந்தாலும் வீட்டு மதிப்பில் 20 சதவீதத்தை ஒரே நாளில் இழப்பதை விட அது மேல். தவணை தவறியபின் போனால் இதே பேச்சு கடினமாகிவிடும்.

கிரெடிட் கார்டில் பாக்கி வைத்துக் குடும்பம் நடத்த வேண்டாம். மாதம் 3 சதவீத வட்டி, வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிருந்தால் அதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். செலவைக் குறைக்கிறேன் என்று இதில் கைவைக்காதீர்கள்.

தூக்கம் இல்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் வரி. மருத்துவரைப் பாருங்கள். அந்தச் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாம். மனைவியோடு உட்கார்ந்து மேலே உள்ள கணக்கை இருவருமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதமாக இந்தப் பாரத்தைத் தனியாகவே சுமக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

சரி, வேலை கிடைக்கவே நாளானால்? மனைவியின் சம்பளத்தைச் சேர்த்துப் போட்ட மேலே உள்ள கணக்கிலேயே சேமிப்பு இன்னும் ஆறு மாதத்துக்குத்தான் வரும் என்ற கட்டம் வந்தால், அன்று வீட்டை விற்பனைக்குப் போடுங்கள். நல்ல விலைக்கு ஆள் கிடைக்கும்வரை பேரம் பேச அப்போதும் உங்களுக்கு நேரம் இருக்கும். இப்போது கேட்பவரிடம், இந்த மாதம் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.